நெடுவரை எவ்வளவு நெடிது?

மலைபடுகடாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைக்கும் பகுதி. 'வரை' என்னும் சொல்லுக்கு மலை என்றும் மலைப்பக்கம் என்றும் பொருள் கூறி மேலே சென்றோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த காசிமேட்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நெடுவரை என்றால் எத்தனை அடி இருக்கும்?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்கு உரை கூறத் தொடங்கிவிட்டோம். வீடு திரும்பும் வழியில்தான், அவ்வினாவிற்கு நம்மிடம் விடை இல்லாமையாலேயே சிரித்தோம் என்பது உறைத்தது.

நாம் வாழ்வது திருவொற்றியூர். கிழக்கே வங்கக்கடல், மேற்கே மணலி ஆலைகளின் புகைபோக்கிகள், இடையே மணற்பாங்கான தரை. ஊருக்குள் ஒரு சிறு குன்றும் இல்லை. வடசென்னை மக்கள் அன்றாடம் காணும் பாறை ஒன்றே ஒன்றுதான்: கடலரிப்பைத் தடுக்க இராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிக் கரை நெடுகிலும் கொட்டி வைத்திருக்கும் பாறாங்கற்கள். அவற்றின்மேல் வலை உலர்த்துவர். மாலையில் அமர்ந்து கதை பேசுவர். சிறுவர் அவற்றில் தாவி ஏறி விளையாடுவர். குறிஞ்சித்திணையை நெய்தல் நிலத்தில் இருந்துகொண்டு கற்பிக்கும் நிலை நம்முடையது. ஆகவே அம்மாணவரின் வினாவை ஒரு கடனாக ஏற்று, உலகின் உயர்ந்த செங்குத்துப் பாறைகள் யாவை, அவற்றில் மாந்தர் எவ்வாறு ஏறுகின்றனர், நம் நாட்டுப் பாறைகள் அவற்றோடு எவ்வாறு ஒப்புநோக்கத் தக்கன என்று தேடிப் படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். மலையின் உயரம் வேறு. பாறைச்சுவரின் உயரம் வேறு. பாரியின் பறம்பு எனக் கருதப்படும் பிரான்மலை ஏறத்தாழ 2,500 அடி உயரம் என்பர். அவ்வளவு கடல்மட்டத்திலிருந்து கொள்ளப்படுவது. அம்மலையின் உச்சிப்பகுதியில் தர்கா ஒன்று உண்டு. நம் வாசகருள் ஏறிச் சென்றவர் பலர் இருப்பர். அவர்கள் ஏறியது சரிவும் படியும் கலந்த வழியே அன்றி 2,500 அடிச் சுவர் அன்று. பெங்களூரை அடுத்த சாவனதுர்க்கம் என்னும் பெரும்பாறைக்கு 1,226 மீட்டர் என்று நூல்கள் எண் தருகின்றன. பெங்களூர்ப் பீடபூமியே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே நம் கண்முன் எழுந்து நிற்கும் பாறை அவ்வெண்ணில் ஒரு பகுதியே. மராட்டியத்தின் அரிச்சந்திரகடத்தில் கொங்கண் கடா எனப்படும் மலைவிளிம்பு உண்டு. படமெடுத்த பாம்பின் தலைபோல உட்குழிந்து வளைந்து நிற்கும் பாறை அது. விளிம்பின்கீழ் உள்ள செங்குத்தை மட்டும் அளப்பவர் ஓர் எண்ணும், கீழே கொங்கணச் சமவெளி வரை அளப்பவர் அதனினும் பெரிய எண்ணும் தருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. அளவுகோலை ஊன்றிய இடம் வேறு.

எனவே 'மிக உயர்ந்த பாறை எது' என்னும் வினாவைத் திருத்திக் கேட்க வேண்டும். அடியிலிருந்து விளிம்பு வரை, இடையில் தங்கிச் செல்லப் பெருந்திட்டோ சரிவோ இன்றி, செங்குத்தாகவோ அதற்கு மிக அணித்தாகவோ நிற்கும் பாறைமுகம் எது என்பதே சரியான வினா. ஏறுவோர் கணக்கில் கொள்வது இதைத்தான்.

அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள நம் பகுதிக்கு உரிய ஓர் அளவையைக் கைக்கொள்வோம். நம் மீனவர் கடலாழத்தைப் 'பாகம்' என்னும் கணக்கால் சொல்வர். இரு கைகளையும் விரித்து நீட்டினால் வரும் நீளம் ஒரு பாகம். ஏறத்தாழ ஆறு அடி. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி இத்தனை பாகம் என்பர். அண்ணா சாலையில் 1959-இல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. முப்பது பாகம் எனக் கொள்ளலாம். பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி, ஐம்பது பாகம். இவ்விரண்டும் சென்னைவாசிகள் அண்ணாந்து பார்த்துப் பழகியவை.

இனி உலகத்துப் பெருஞ்சுவர்களைக் காண்போம். கனடா நாட்டின் வடகோடியில், பனி சூழ்ந்த பாஃபின் தீவில் தோர் மலை என ஒன்று உண்டு. அதன் மேற்குமுகம் 1,250 மீட்டர் இறங்குகிறது. உலகிலேயே மிக நெடிய செங்குத்து வீழ்ச்சி என்று இதனையே பொதுவாகச் சுட்டுவர். செங்குத்து என்பதும் போதாது; சராசரிச் சாய்வு 105 பாகை. அஃதாவது பாறையின் நெற்றி அதன் அடியைக் கடந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியிலிருந்து கல்லை நழுவவிட்டால் சுவரைத் தொடாமலே விழும். நம் கணக்கில் ஏறத்தாழ 680 பாகம், எல்.ஐ.சி. கட்டடத்தை இருபத்துமூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். இம்முகத்தில் 1985-ஆம் ஆண்டு அமெரிக்கர் நால்வர் முதன்முதல் ஏறினர். அதற்கு அவர்கட்கு 33 நாட்கள் தேவைப்பட்டன.

முப்பத்துமூன்று நாட்கள் சுவரில் எங்கே உறங்குவது? இவ்வினா நமக்கும் எழுந்தது. ஏறுவோர் பாறைப் பிளவுகளில் ஆணியும் ஆப்பும் பதித்து, அவற்றில் துணித்தொட்டில் போன்ற படுக்கையைத் தொங்கவிட்டு, இடுப்புவாரைக் கழற்றாமலேயே படுத்துறங்குகின்றனர். உணவையும் நீரையும் பெரும்பைகளில் இட்டுக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்கின்றனர். உயரத்தை அவர்கள் எண்ணும் முறையும் நோக்கத்தக்கது. மீட்டரைவிடக் கயிற்றையே அவர்கள் பெரிதும் நம்புகின்றனர். ஐம்பது அறுபது மீட்டர் நீளமுள்ள கயிற்றின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஏற, மறுமுனையைக் கீழுள்ளவர் பிடித்திருப்பார். கயிறு தீருமுன் முன்னவர் பாதுகாப்பான இடத்தில் நின்று, பின்னவரை மேலே வரவழைப்பார். இஃது ஒரு கயிற்றளவு. பிறகு அடுத்த கயிற்றளவு. மீனவர் பாகக் கயிறு ஆழத்தை நோக்கி இறங்குகிறது. இவர்கள் கயிறு உயரத்தை நோக்கி ஏறுகிறது.

பாகிஸ்தானின் வடபகுதியில், பால்ட்டோரோ பனியாற்றின் அருகே டிராங்கோ கோபுரங்கள் உள்ளன. பெருங்கோபுரத்தின் கிழக்குமுகம் ஏறத்தாழ 1,340 மீட்டர். எண்ணளவில் தோரையும் விஞ்சும். ஆயினும் சாய்வு தோரின் அளவு இல்லை என்பதால் முதலிடம் எதற்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அச்சுவரில் 1984-இல் நார்வே நாட்டு இளைஞர் இருவர் ஏறி முடித்தனர். ஏறியவர்கள் திரும்பவில்லை, இறங்கும் வழியில் உயிர்நீத்தனர். அவர்கள் பிறந்த நார்வேயிலோ 'டிரோல் சுவர்' என்று 1,100 மீட்டர்ப் பாறைமுகம் உண்டு. ஐரோப்பாவில் செங்குத்தானவற்றுள் அதுவே நெடியது. அதில் 1965-இல் நார்வே நாட்டவரும் ஆங்கிலேயரும் தனித்தனி வழிகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஏறி முடித்தனர்.

இவை யாவற்றினும் புகழ்பெற்றது அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கேப்பிடன். உயரம் ஏறத்தாழ 900 மீட்டர், நம் கணக்கில் 500 பாகம். உயரத்தில் பின்தங்கிய இதற்கு ஏன் இத்துணைப் புகழ்? சாலையிலிருந்து நடந்து சென்று தொடக்கூடிய தொலைவில் இருப்பது ஒரு காரணம். வெடிப்பும் விரிசலும் உள்ள உறுதியான கிரானைட் என்பது மற்றொன்று. வாரன் ஹார்டிங்கும் துணைவரும் ஓராண்டுக்கும் மேலாக விட்டுவிட்டு முயன்று, மொத்தத்தில் 45 நாள் அளவு பாறையில் உழைத்து 1958 நவம்பரில் உச்சி கண்டனர். லின் ஹில் என்னும் பெண்மணி 1993-இல் அவ்வழியிலேயே, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கையாலும் காலாலுமே ஏறி முடித்தார். அதுவரை ஆடவர் எவரும் செய்யாதது அது. அலெக்ஸ் ஹொனால்ட் 2017 ஜூனில் அப்பாறையின் வேறொரு வழியில் கயிறே இன்றி நான்கு மணி நேரத்திற்குள் ஏறினார். அவ்வீரத்தை வியக்கலாம், மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூற நாம் துணியமாட்டோம். கயிறின்றி ஏறும் முன் அவர் கயிற்றோடு அதே வழியில் எத்தனையோ முறை ஏறி ஒவ்வொரு பிடியையும் மனனம் செய்திருந்தார் என்பதைப் படம் பார்ப்போர் மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டில் இத்தகைய ஆயிரமீட்டர்ச் சுவர்கள் ஏன் இல்லை? மேற்கூறியவற்றுள் பலவற்றைச் செதுக்கிய உளி ஒன்றே. தோர், டிராங்கோ, டிரோல் சுவர், எல் கேப்பிடன் ஆகிய நான்கும் பனியாறு பாய்ந்த பள்ளத்தாக்குகளில் நிற்பவை. கோடையிலும் உருகாத பனிப்பெருக்கு பல்லாயிரம் ஆண்டுகள் மெல்ல நகர்ந்து, பள்ளத்தாக்கின் அடியையும் பக்கங்களையும் அறுத்துச் சென்றது. பனி விலகியபின் அறுபட்ட பக்கங்கள் சுவராக நின்றன. தமிழகத்துப் பாறைகள் அவற்றினும் தொன்மையானவை. பல 200 கோடி ஆண்டைக் கடந்தவை. அவற்றைப் பனியாறு அறுக்கவில்லை. வெயிலும் மழையும் சுமைநீங்கலும் அவற்றை வெங்காயத்தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காக உரித்தன. உரிந்து எஞ்சியது உருண்டை வடிவம். நாமக்கல்லும் திண்டுக்கல்லும் கவிழ்த்த கலம்போல் மொழுமொழுவென்று நிற்பது இதனால்தான். நம் பாறை, சுவரைக் காட்டிலும் முதுகு எனத்தக்கது. மேலே செல்லச் செல்லச் சரிவு குறையும். கீழே இறங்க இறங்கச் சரிவு கூடும். இதனை மனத்தில் இருத்துக, பின்னர்ப் பயன்படும்.

எண்களையும் சொல்லிவிடுவோம். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர், நாற்பத்தைந்து பாகம். கோடைக்கானலின் தூண்பாறைகள் 400 அடி, அறுபத்தாறு பாகம். நம் மாநிலத்தில் சுவர் என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியானவற்றுள் அவை அடங்கும். செஞ்சியின் இராசகிரி ஏறத்தாழ 800 அடி. இலங்கையின் சிகிரியா 600 அடி அளவினது. மலேசியத் தமிழர் தைப்பூசத்தில் திரளும் பத்துமலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அம்மலைத் தொகுதியின் பிற பக்கச் சுவர்களில் இன்று பாறையேறுவோர் பயில்கின்றனர் என்பது தைப்பூசத்திற்குச் செல்வோர் பலர் அறியாதது.

இங்கே நம் அனுபவம் ஒன்றைக் கூறாது செல்வது நேர்மையாகாது. சில ஆண்டுகட்கு முன் மாணவர்களை ஒரு கோட்டைமலைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். படிவழியே ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் படியை விட்டு விலகி, பக்கத்துச் சரிபாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினார். நாம் கண்டோம், தடுக்கவில்லை. பாறை அத்துணை எளிதாகத் தோன்றிற்று. நாற்பது அடி ஏறியபின் அவருக்கு மேலே செல்லவும் வழியில்லை; திரும்பிப் பார்த்தபோது கீழே இறங்கவும் வழி தெரியவில்லை. கால்கள் நடுங்கத் தொடங்கின. உடன் வந்தோர் கூச்சலிட்டனர். நம்மிடம் கயிறு இல்லை. இருந்தாலும் அதை என்ன செய்வது என்று அறியோம். அரைமணி நேரம் கழித்து, அப்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூச்சல் கேட்டு வந்தார். வெறுங்காலோடு மாணவருக்குக் கீழ்ப்புறமாகவே ஏறிச் சென்று, "தம்பி, கீழே பார்க்காதே. பாறையைப் பார். உன் காலை நான் வைக்கிறேன்" என்று கூறி, ஒவ்வொரு காலாகப் பிடித்து, கல்லின் சிறு சொரசொரப்புகளில் ஊன்ற வைத்து இறக்கிக் கொணர்ந்தார். அவர்க்குக் கைகூப்பினோம், தேநீர் வாங்கிக் கொடுத்தோம். அம்மாணவரின் பெற்றோரிடம் நாம் இதனைச் சொல்லவில்லை. அந்த நாற்பது அடி, அன்று நமக்குத் தோர் மலையினும் நெடிதாக இருந்தது.

பின்னர்ப் படித்தபோதுதான் காரணம் விளங்கிற்று. முதுகுப்பாறையில் ஏறுகையில் கண் மேல்நோக்கி இருக்கும். காலுக்கு அடுத்த பிடி தெரியும். இறங்குகையில் உடலே கீழ்ப்பிடியை மறைக்கும். போகப்போகச் சரிவும் மிகும். டிராங்கோவில் இறங்கும்போது மாண்டவரை ஈண்டு நினைக்க. உயரம் என்பது அடிக்கணக்கு மட்டுமன்று; திரும்பி வரும் வழியும் சேர்ந்ததே. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. வேகப்போட்டிக்குரிய சுவர் 15 மீட்டர்தான், எட்டுப் பாகம். அதனை வல்லோர் ஐந்தாறு வினாடிகளில் ஏறிவிடுகின்றனர். அவர்களைத் தாங்கக் கயிறு உண்டு. அந்த ஒன்றே வேறுபாடு. தேனிப் பகுதியில் பிறந்து கன்னட நாட்டுச் சித்ரதுர்க்கக் கோட்டையில் கயிறின்றி ஏறிக்காட்டும் ஜோதி ராஜைக் 'கோத்தி ராஜா', அஃதாவது குரங்கு ராஜா, என்று மக்கள் அழைக்கின்றனர். அப்படங்களைக் கைப்பேசியில் கண்டு நம் பிள்ளைகள் கோட்டைச்சுவரில் கைவைப்பதைத் தடுக்க அறிவுரை போதாது. முறையான பயிற்சிக்கு வழிகாட்ட வேண்டும். தேசிய மாணவர் படையினர்க்குப் பாறையேற்றப் பயிற்சி முகாம்கள் உண்டு. உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் மலையேற்றப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன.

இவ்வறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. அம்மாணவர் வினா எழுப்பிய அதே மலைபடுகடாத்தை மீண்டும் எடுத்துப் படித்தபோது வியந்தோம். வழுக்கும் பாறைகளைப் பற்றி அது எச்சரிக்கிறது. கொடிகளைப் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறது. சிறு பிள்ளைகளையும் உடன்கொண்டு ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுமாறு கூறுகிறது. கயிற்றின் இருமுனையிலும் ஆள் வேண்டும் என்று இன்றைய பயிற்சியாளர் கூறுவதும் இதுவே. தேன் எடுப்போர் நெடுவரையில் சார்த்தும் ஏணிக்கு 'மால்பு' என்று அந்நூல் பெயர் தருகிறது. கணுவையே படியாகக் கொண்ட ஒற்றை மூங்கில் அது. கண்ணேணி என்றும் கூறுவர். பறம்பு மலையைப் பாடிய கபிலரும் இச்சொல்லை ஆண்டுள்ளார். தேர்வுக்கு அருஞ்சொற்பொருளாக நாம் இதுகாறும் எழுதவைத்த சொல், பாறையேற்றக் கருவியின் பெயர்!

மால்பு வழக்கொழியவில்லை; வடிவம் மாறியது. நீலகிரியின் ஆலுக் குறும்பர் இன்றும் மலைத்தேன் எடுக்கச் செங்குத்துப் பாறைகளில் இறங்குகின்றனர். பெருந்தேனீக்கள் முன் துருத்திய பாறைநெற்றியின் அடியிலேயே அடை கட்டும். மழையும் பிற உயிரும் அணுகாத இடம் அது. எனவே ஏறிச் சென்றால் எட்டாது, மேலிருந்து இறங்கவேண்டும். காட்டுக்கொடிகளை முறுக்கி ஏணியாகப் பின்னி, விளிம்பிலுள்ள மரத்தில் கட்டித் தொங்கவிடுவர். பச்சிலைப் புகையால் தேனீக்களை விலக்கி, அந்தரத்தில் ஆடியபடியே அடையை அறுப்பர். மேலே கயிற்றைக் காப்பவர் யார் என்பதில் மலைவாழ் மக்களிடையே நுட்பமான வழக்கம் ஒன்று உண்டென்பர்: மனைவியின் உடன்பிறந்தானிடம் அப்பொறுப்பை ஒப்படைப்பர். தன் அக்காளையோ தங்கையையோ கைம்பெண்ணாக்க எவன் துணிவான்? உலகப் பெருஞ்சுவர்களில் ஏறியோர் பெயரும் நாளும் ஏட்டில் உள்ளன. தலைமுறை தலைமுறையாக நீலகிரிச் சுவர்களில் இறங்கி ஏறியவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

'வரை' என்னும் சொல்லும் உயிரோடுதான் இருக்கிறது. நம் மாநில விலங்கின் பெயர் வரையாடு. மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் அவற்றை ஒட்டிய பாறைச்சரிவுகளிலும் வாழ்வது. பகைவிலங்கு கண்டால் செங்குத்துப் பாறையில் புகுந்து தப்புவது. அதனைக் காக்கத் தமிழக அரசு 2022-இல் தனித் திட்டம் அறிவித்தது. இதற்கு அரபு நாட்டில் ஓர் உறவு உண்டென்றால் வாசகர் வியப்பர். ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் உள்ள ஹஜர் மலைகளில் அரேபிய வரையாடு வாழ்கிறது. இரண்டையும் முன்பு ஒரே பேரினத்தில் வைத்தனர்; மரபணு ஆய்வுக்குப்பின் பிரித்தனர். பேரினம் வேறாயினும் பாறையை நம்பி வாழும் இயல்பு ஒன்றே. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு மண்ணைப் பாடுகையில் தமிழ்நாட்டு மலைவளத்தையும் மழைப்பெருக்கையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். நெஞ்சிலிருந்த குறிஞ்சி அது. உண்மை அரபு மலைகளோ நீரற்ற பெருஞ்சுவர்கள். ஓமானின் ஜபல் மிஷ்த் ஏறத்தாழ 850 மீட்டர்ச் சுண்ணாம்புக்கல் சுவர். மஸ்கட்டில் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் சென்று காணத்தக்கது. ஜோர்டானின் வாதி ரம்மில் செந்நிற மணற்கல் மலைகள் உள்ளன. 1984-இல் ஆங்கிலேய ஏறுவோர் அங்குச் சென்றபோது, மலையாடு வேட்டைக்காகப் பதவிகள் எனப்படும் பாலைநில மக்கள் நெடுங்காலமாக ஏறிய வழிகள் ஏற்கெனவே இருக்கக் கண்டனர். குறும்பரைப் போன்றே ஏட்டில் ஏறாத வல்லுநர் அவர்கள்.

இனித் திருவொற்றியூர்க் கரையின் கற்களுக்கு வருவோம். சென்னைத் துறைமுகப் பணி 1875-இல் தொடங்கியது. கடலுக்குள் நீட்டிய அதன் சுவர்கள், வடக்கு நோக்கி அலையோடு நகர்ந்துவந்த மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமையால் கடல் நம் கரையைத் தின்றது. மீனவர் குப்பங்களில் தெருக்களே கடலுக்குள் போயின என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு மருந்தாகவே கல் கொட்டினர். 'தூண்டில் வளைவு' எனக் கடலுக்குள் கற்சுவர்களும் அமைத்தனர். அக்கல் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு மலையிலிருந்துதான். அருகே சென்று பார்த்தால் சில கற்களின் ஒருபக்கம் குழல்போன்ற நேர்த்தடம் தெரியும். வெடிவைக்கத் துளையிட்ட தடம் அது.

சென்னையின் கல்லுக்கு உலகப் பெயர் உண்டு. கல்கத்தாவில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறந்த கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பகுதிக் கல்லே சென்றது. இருநூறு ஆண்டுகட்குப்பின் நிலவியலார் தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, அவர் பெயராலேயே சார்னோக்கைட் என்று பெயரிட்டார். அப்பல்லாவரத்திலேதான் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். இன்று பல்லாவரம், திரிசூலம் பகுதிக் குன்றுகளின் பெரும்பகுதி குடையப்பட்டுவிட்டது. குன்று இருந்த இடத்தில் நீர் தேங்கிய பள்ளம். கோடையில் குளிக்கச் சென்று மூழ்கி மடியும் மாணவர் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிப் பள்ளங்களின் நீர் 2017, 2019 வறட்சிகளில் நம் குழாய்களுக்கே வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

கல் உடைக்கவே கூடாது என்று கூறும் தகுதி நமக்கு இல்லை. அக்கல் இல்லையேல் நம் தெருவே இல்லை. ஆயினும் உடைத்து முடித்த இடத்தை என்ன செய்வது என்று கேட்கும் உரிமை உண்டு. குன்றுகள் குறைந்த சிங்கப்பூரில், டெய்ரி ஃபார்ம் என்னும் பகுதியிலுள்ள கைவிடப்பட்ட கிரானைட் குவாரியின் சுவரைப் பாறையேற்றப் பயிற்சிக்கு ஒதுக்கியுள்ளனர். தளர்ந்த கல்லை ஆய்ந்து, ஆணிகளைப் பதித்து, முறைப்படுத்திப் பயன்கொள்கின்றனர். நம் குவாரிச் சுவர்களுள் உறுதியான ஒன்றையேனும் வல்லுநர் ஆய்ந்து அவ்வாறு செய்தால், மூழ்கும் பள்ளம் பயிலும் களமாகும். வெடியால் அதிர்ந்த சுவர் எல்லாம் இதற்கு ஏற்றதன்று. அதனைப் பொறியாளரே சொல்லவேண்டும்.

அம்மாணவர்க்கு இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை கூறினோம். தோர் 680 பாகம் என்றவுடன், தம் தாத்தா இறக்கிய மிக நீண்ட கயிறே நூறு பாகம் இராது என்றார். பிறகு, "ஐயா, நாம் அளந்து பார்க்கும்படி பக்கத்தில் ஏதும் இல்லையா?" என்றார். உண்டு. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றான செஞ்சிக் கோட்டையில், இராசகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் பாறை பிளந்து நிற்கும் ஓர் இடம் உண்டு. பிளவின் அகலம் 24 அடி, ஆழம் 60 அடி என்று நூல்கள் கூறுகின்றன. மேலே பாலம் இருக்கிறது. வரும் தை மாதத்தில் மாணவர்களோடு அங்குச் செல்ல எண்ணியுள்ளோம். பெற்றோர் ஒப்புதலும் பயிற்சி பெற்ற ஒருவர் துணையும் கேட்டிருக்கிறோம். படியை விட்டு எவரும் விலகுவதில்லை. பாலத்தின் பக்கச்சுவர் அருகே நின்று, கல் கட்டிய கயிற்றை அம்மாணவர் இறக்குவார். எத்தனை பாகம் என்று அவரே கைவிரித்து எண்ணிச் சொல்லட்டும்.